பல்லக்கா வாங்கிய பச்சை வண்டி

பல் செட் செய்யும் எங்கள் கூடத்தில் ஐந்து மேசைகள். ஜன்னலோரத்து மேசை பல்லக்காவுடையது, அதற்கு அடுத்தது என்னுடையது. பல் டாக்டர்கள் அனுப்பும் அச்சுகளை வைத்துக்கொண்டு, முகம் தெரியாத வாய்களுக்கு நாங்கள் பல் கட்டுவோம். அவர் கட்டிய செட் திரும்பி வந்து நான் பார்த்ததில்லை. மேல் தாடைக்கும் கீழ்த் தாடைக்கும் நடுவில் நீலக் காகிதத்தை வைத்து அழுத்தி, எந்தப் பல்லில் மை கூடுதலாக ஒட்டியிருக்கிறது என்று பார்ப்பார். அந்த இடத்தை மட்டும் மயிரிழை அளவுக்குத் தேய்ப்பார். பிறகு கண்ணை மூடிக்கொண்டு விரலால் தடவுவார். "இப்ப உக்காந்துடுச்சு" என்று சொன்னால் உட்கார்ந்துவிட்டது என்று அர்த்தம்.

அவர் தெருவில் எல்லோருக்கும் அவர் பல்லக்கா. பல்லக்கு என்று கிண்டல் செய்பவர்களும் உண்டு. "பல்லக்குன்னா நாலு பேர் என்னைத் தூக்கணும். இங்க நான்தானே எல்லாரையும் தூக்கிட்டுத் திரியுறேன்" என்பார்.

உண்மைதான். அவர் வீட்டில் ஐந்து பேர். கணவருக்கு வரைபடங்கள் வரையும் அலுவலகத்தில் வேலை. சின்ன வயதிலிருந்தே வலிப்பு வருவதால் அவர் வண்டி ஓட்டக் கூடாது. பதினாலு வயதில் இரட்டைப் பெண்கள். ஒருத்தி செல்லோ வாசிக்கிறாள். அந்த வாத்தியத்தின் பெட்டி அவள் உயரத்துக்கு இருக்கும். இன்னொருத்தி ஹாக்கி கோல்கீப்பர். கால் கவசங்களை மட்டும் கட்டினாலே ஒரு மூட்டை. ஐந்தாவது ஆள் மாமனார். துறைமுகத்தில் கிரேன் ஓட்டி ஓய்வு பெற்றவர், ஆஜானுபாகுவான உடம்பு, இரண்டு முழங்காலும் போய் இப்போது சக்கர நாற்காலி. இத்தனை பேரையும் இத்தனை சாமானையும் ஏற்றி இறக்கி ஓட்டுவது பல்லக்கா ஒருவர்தான்.

அதுவரை ஓட்டிக்கொண்டிருந்தது ஒரு சாம்பல் நிற வேன். கணவரின் அண்ணன் மரச்சாமான் கடை வைத்திருக்கிறார். பத்து வருடம் சோபாவும் கட்டிலும் சுமந்த வேனை, புதிது வாங்கியபோது தம்பி குடும்பத்துக்குக் கொடுத்தார். மனதாரத்தான் கொடுத்தார். ஆனால் கொடுத்த கையோடு அதைப் பற்றிப் பேசும் உரிமையைத் தன்னிடமே வைத்துக்கொண்டார். வீட்டுக்கு வந்தால் காலணியைக் கழற்றும் முன்பே டயரை ஒரு உதை உதைத்துப் பார்ப்பார். "காத்து கம்மியா இருக்கே. யாரும் பார்க்குறதில்லையா?" என்பார். யாரும் என்றால் பல்லக்கா.

பதினோரு வருடம் அவர் அந்த வேனை ஓட்டினார். இரண்டாவது கியர் விழ வேண்டுமென்றால் கெஞ்ச வேண்டும். திருப்பத்தில் திரும்பினால், முன்பாதி முதலில் போகும், பின்பாதி யோசித்துவிட்டு வரும். "வண்டி ஓட்டுற மாதிரியே இல்ல. பீரோவைத் தள்ளிட்டுப் போற மாதிரி இருக்கு" என்று என்னிடம் எத்தனையோ காலையில் சொல்லியிருக்கிறார். கல்யாணத்துக்கு முன்பு அவரிடம் ஒரு சின்ன சிவப்புக் கார் இருந்ததாம். அதைப் பற்றிப் பேசும்போது மட்டும் அவர் வலது கை மெழுகுக் கத்தியை விட்டுவிட்டுக் காற்றில் கியர் மாற்றும்.

ஒரு வாரக் கடைசியில், ஹாக்கி மைதானத்து வாசலில், வேனின் பின்கதவு கீலோடு கழன்று கையில் வந்துவிட்டது. மெக்கானிக் வந்து அடியில் படுத்துப் பார்த்தார். எப்போதும் ஏதாவது வண்டிக்கு அடியில் கிடப்பதால் அவருக்குத் தலைமறைவு என்று பெயர். வெளியே வந்து கையைத் துடைத்துக்கொண்டே, "அக்கா, துருவை நீக்கினா வண்டியே மிஞ்சாது. இதை விட்டுடுங்க" என்றார்.

அன்று சாயங்காலமே குடும்பம் கூடிவிட்டது. கணவரின் அண்ணன் கையில் ஏற்கெனவே ஒரு முடிவோடு வந்திருந்தார். அவர் நண்பரிடம் ஒரு வேன் இருக்கிறது, வெள்ளி நிறம், ஏழு பேர் உட்காரலாம், மூன்று வருடம்தான் ஆகிறது, கியரே மாற்ற வேண்டாம், அதுவே பார்த்துக்கொள்ளும்.

"நான் பார்க்காம எப்படி அத்தான்?" என்று கேட்டார் பல்லக்கா.

"நான்தான் பார்த்துட்டேனே."

"ஓட்டப்போறது நானு."

"அதுக்குத்தாம்மா சொல்றேன். நீ கஷ்டப்படவே வேண்டாம். உக்காந்தா போதும், வண்டி போகும்."

"எனக்கு உக்கார வேண்டாம் அத்தான். ஓட்டணும்."

அண்ணன் சிரித்தார். அவர் தம்பியும் சேர்ந்து கொஞ்சம் சிரித்தார். அந்தச் சிரிப்புத்தான் தன்னை உசுப்பிவிட்டது என்று பல்லக்கா மறுநாள் மேசையில் உட்கார்ந்தபடி சொன்னார். "ஏன், அம்மான்னா ஆசை இருக்கக் கூடாதா? எல்லாரும் அடங்கணும், சாமான் அடங்கணும், சரி. கூடவே எனக்கும் பிடிச்சிருக்கணும். ரெண்டும் இருக்குற வண்டி இந்த உலகத்துல ஒண்ணுகூடவா இல்ல?"

தேட ஆரம்பித்தார். அடுத்த நான்கு வாரமும் சனி, ஞாயிறு இதே வேலை. பழைய கார் விற்கிறவர்களிடம் அவர் தனியாகப் போகவில்லை. முழுக் குடும்பத்தையும் வாடகை வண்டியில் ஏற்றிக்கொண்டு போனார். செல்லோ, கோல்கீப்பர் மூட்டை, சக்கர நாற்காலி எல்லாம் கூடவே வரும். விற்பனையாளர் கணவரைப் பார்த்துப் பேச ஆரம்பிப்பார். கணவர் மனைவியைக் கை காட்டுவார். "முதல்ல ஏத்திப் பார்ப்போம், அப்புறம் ஓட்டிப் பார்ப்போம், அப்புறம் பேசுவோம்" என்பார் பல்லக்கா.

முதலில் பார்த்தது உயரமான பெரிய வண்டி. மாமனாரைத் தூக்கி ஏற்ற மூன்று பேர் வேண்டியிருந்தது. "கப்பல்லயே இவ்வளவு உயரம் ஏறினதில்ல. என்னை மூட்டை மாதிரி ஏத்தாதீங்கடா" என்று அவர் உள்ளிருந்து சத்தம் போட்டார். ஓட்டிப் பார்த்தபோது ஒவ்வொரு வேகத்தடைக்குப் பிறகும் வண்டி மூன்று முறை தலையாட்டியது. இரண்டாவது ஒரு அழகான குட்டிக் கார். அதை ஓட்டிவிட்டு இறங்கும்போது பல்லக்கா கன்னம் சிவந்திருந்தது. ஆனால் செல்லோவை வைத்தால் செல்லோக்காரிக்கு இடமில்லை. அவள், "நான் வேணும்னா பஸ்ல வரேன்" என்றாள். பல்லக்கா ஒரு நிமிடம் யோசித்தார் என்பதை அவரே வெட்கத்தோடு ஒப்புக்கொண்டார்.

ஏழாவதோ எட்டாவதோ பார்த்ததுதான் அந்தப் பச்சை வேகன். கார் மாதிரி தாழ்வாகவும் நீளமாகவும் இருக்கும். கூரை மட்டும் பின்கதவு வரைக்கும் நேராகப் போகும். பன்னிரண்டு வயது. சொந்தக்காரர் ஒரு கால்நடை மருத்துவர். பண்ணை பண்ணையாக அதில்தான் சுற்றியிருக்கிறார். ஓடிய கிலோமீட்டரைக் கேட்டதும் கணவர் மெதுவாக இரண்டு அடி பின்னால் நகர்ந்தார். உள்ளே கிருமிநாசினி வாசனை, அதற்கு அடியில் ஆட்டு வாசனை. கோல்கீப்பர் மூக்கைப் பொத்திக்கொண்டாள்.

"இது வயசான வண்டிதான். பொய் சொல்ல மாட்டேன்" என்றார் மருத்துவர். "ஆனா ராத்திரி பகல்னு பார்க்காம ஓடியிருக்கு, ஒரு நாளும் என்னை வழியில விட்டதில்ல. முட்டி மடக்க முடியாம போச்சு எனக்கு, கிளட்ச் மிதிக்க முடியல. இல்லைன்னா தர மாட்டேன்." பழுது பார்த்த காகிதங்களை எல்லாம் வருடவாரியாக ஒரு கோப்பில் வைத்திருந்தார்.

ஏற்றிப் பார்த்தார்கள். செல்லோ நீளவாக்கில் படுத்தது. அதன் பக்கத்தில் கவச மூட்டை, அதற்கும் பின்னால் மடித்த நாற்காலி. பின்கதவு ஒரே தள்ளில் மூடியது. இருக்கை தாழ்வாக இருந்ததால் மாமனார் நாற்காலியிலிருந்து தன் கையாலேயே நகர்ந்து உள்ளே போய் உட்கார்ந்துகொண்டார். பெல்ட்டையும் தானே மாட்டினார். "கிளப்பு" என்றார்.

ஊரைத் தாண்டியதும் ஆற்றை ஒட்டி ஒரு சாலை வளைந்து வளைந்து போகும். பல்லக்கா அதில் திருப்பினார். முதல் வளைவில் ஸ்டியரிங்கைக் கொஞ்சம்தான் திருப்பினாராம். முன்பக்கமும் பின்பக்கமும் ஒன்றாகச் சேர்ந்து திரும்பின. இரண்டாவது வளைவுக்கு முன் மூன்றாவது கியருக்கு இறக்கினார். கியர் தானாக வந்து கையில் விழுந்தது. வளைவு முடியும் இடத்தில் காலை அழுத்தியதும், பன்னிரண்டு வயது எஞ்சின் தொண்டையைச் செருமிக்கொண்டு எழுந்தது. ஐந்து பேரும் அத்தனை சாமானும் உள்ளே இருப்பது வண்டிக்கு ஒரு பொருட்டாகவே தெரியவில்லை. அவர் வாய்விட்டுச் சிரித்துவிட்டார்.

"அம்மா, நீ ஏம்மா சிரிக்குற?" என்று பின்னாலிருந்து இரண்டு குரல்கள் பயந்துபோய்க் கேட்டன. வண்டி ஓட்டும்போது அம்மா சிரித்து அவர்கள் கேட்டதே இல்லை.

தலைமறைவு வந்து ஒரு மணி நேரம் அடியில் கிடந்தார். "பின்னாடி ஷாக் அப்சார்பர் ரெண்டும் மாத்தணும். கிளட்சுக்கு ஆயுசு கொஞ்சம்தான். மத்தபடி, அக்கா, இவ்வளவு ஓடின வண்டி இவ்வளவு சுத்தமா இருந்து நான் பார்த்ததில்ல" என்றார். பல்லக்கா தன் சேமிப்பிலிருந்து வாங்குவதாக மருத்துவரிடம் சொல்லிவிட்டு, புதன்கிழமை வந்து எடுத்துக்கொள்வதாகக் கை கொடுத்துவிட்டு வந்தார்.

செய்தி அண்ணன் காதுக்குப் போக ஒரு நாள்கூட ஆகவில்லை. மறுநாள் காலை வீட்டு வாசலில் வெள்ளி நிற வேன் நின்றது. கழுவித் துடைத்து, ஆயில் நிரப்பி, பல்லக்காவின் கணவர் பெயருக்கே எழுதிக்கொடுக்கத் தயாராகக் கொண்டுவந்திருந்தார். "ஆட்டு டாக்டர் வண்டியில எங்க அப்பாவை உக்கார வைக்கணுமா? என் தம்பிக்கு நான் செய்யாம யார் செய்வா?" என்று சொல்லி, சாவியைத் தம்பி கையில் வைத்துவிட்டு, கடை டிரைவரோடு கிளம்பிப் போய்விட்டார். வேண்டாம் என்று சொல்ல ஆளே இல்லை. சாவி மட்டும் சாப்பாட்டு மேசையில் கிடந்தது.

"இதை எப்படித் திருப்பிக் கொடுக்குறது? அண்ணன் மனசு நொந்துடும்" என்றார் கணவர்.

"என் மனசு எப்படி இருக்குன்னு கேட்டீங்களா?"

கேட்கவில்லை. அதை அவரும் உணர்ந்துகொண்டார்.

பல்லக்கா செவ்வாய்க்கிழமை அரை நாள் விடுப்பு எடுத்தார். கணவரையும் வற்புறுத்தி விடுப்பு எடுக்க வைத்தார். வெள்ளி வேனில் அவரைப் பக்கத்தில் உட்கார வைத்துக்கொண்டு கடைக்கு ஓட்டிப் போனார். போகும் வழியில் கணவருக்கு ஒரு யோசனை வந்தது.

"அப்பாவுக்கு இதுல ஏற முடியல, சீட் ரொம்ப உயரம்னு சொல்லிடு. உண்மையும் அதானே? அண்ணன் மறு பேச்சு பேச மாட்டார். சண்டையே வராது."

நல்ல யோசனைதான். எனக்கு யாராவது இப்படிச் சொல்லியிருந்தால் நான் பிடித்துக்கொண்டிருப்பேன்.

"உண்மைதான்" என்றார் பல்லக்கா. "ஆனா நான் அதுக்காக அந்த வண்டியைக் கேட்கலையே."

"காரணம் எதுவா இருந்தா என்ன?"

"பிள்ளைங்களுக்காக, மாமாவுக்காக, உங்களுக்காகன்னு பதினோரு வருஷமா சொல்லிட்டேன். அதெல்லாம் பொய்யும் இல்ல. இந்த ஒரு தடவை எனக்காகன்னு சொல்லப்போறேன். சொன்னா வாய் கோணிடுமான்னு பார்க்குறேன்."

கடையில் அந்த நேரம் கூட்டம். ஒரு தம்பதி கட்டிலில் உட்கார்ந்து குதித்துப் பார்த்துக்கொண்டிருந்தார்கள். வேலையாட்கள் நாலு பேர் அலமாரி ஒன்றை நகர்த்திக்கொண்டிருந்தார்கள். பில் போடும் மேசையில் அண்ணனின் மனைவி உட்கார்ந்திருந்தார். பல்லக்காவுக்கு ஓரகத்தி; பல்லக்கா அவரை அக்கா என்று கூப்பிடுவார். அதிகம் பேசாதவர். பல்லக்கா நேராகப் போய் அண்ணன் முன்னால் சாவியை வைத்தார்.

"அத்தான், நல்ல வண்டி. ஒரு குறையும் சொல்ல மாட்டேன். நீங்க செஞ்சதையும் மறக்க மாட்டேன். ஆனா எனக்கு இது வேண்டாம்."

"ஏன்? என்ன குறை?"

"குறையே இல்ல. அந்தப் பச்சை வண்டியை ஓட்டும்போது எனக்குச் சந்தோஷமா இருக்கு. அதான் காரணம். வேற ஒண்ணும் இல்ல."

அலமாரி நகர்த்தியவர்கள் நின்றுவிட்டார்கள். அண்ணன் அக்கம்பக்கம் பார்த்துவிட்டுக் குரலைத் தாழ்த்தினார். "வண்டி ஓட்டுறதுல என்னம்மா சந்தோஷம்? வயசுக்கு வந்த பொண்ணுங்க ரெண்டு பேரை வெச்சிருக்க. ரேஸா ஓட்டப்போற? நாலு பேர் என்ன சொல்லுவாங்க?"

"நாலு பேரை நான் ஏத்திட்டுத்தானே போறேன் அத்தான். அவங்க ஒண்ணும் சொல்லல."

"இவ்வளவு பிடிவாதமா?"

"ஆமா. பிடிவாதம்தான்."

அண்ணன் தம்பியைப் பார்த்தார். "நீ என்னடா சொல்ற?"

அந்த மனிதர் அதுவரை அண்ணனை எதிர்த்து ஒரு வார்த்தை பேசியதில்லை. தொண்டையைக் கனைத்தார். "நானும் அதுல உக்காந்து பார்த்தேண்ணே. எனக்கும் பிடிச்சிருக்கு. ஓட்டத்தான் கொடுத்து வைக்கல" என்றார். இருவரும் வெளியே வந்து பஸ் பிடித்து வீட்டுக்குப் போனார்கள். பஸ்ஸில் பல்லக்கா கணவரின் கையைப் பிடித்துக்கொண்டு வந்திருக்கிறார்.

புதன்கிழமை பச்சை வண்டி வந்தது. அண்ணன் பேச்சை நிறுத்திக்கொண்டார். அப்பாவைப் பார்க்க வந்தால் வாசலில் நிற்கும் வண்டியைப் பார்க்காமல் தலையைத் திருப்பிக்கொண்டு நடப்பார். டயரையும் உதைக்கவில்லை. பல்லக்கா மூன்று ஞாயிறு உள்ளே தேய்த்துத் தேய்த்துக் கழுவினார். கிருமிநாசினி வாசனை போய்விட்டது. ஆடு போகவில்லை. "இருந்துட்டுப் போகட்டும், அதுவும் நம்ம வீட்டு ஆள்தான்" என்றார்.

மூன்றாவது மாதம் கிளட்ச் போயிற்று. பெண்களின் பள்ளிக்குப் பக்கத்தில், நட்ட நடுச் சாலையில், மிதித்த கட்டை மேலே வரவே இல்லை. வண்டியைக் கட்டி இழுத்துக்கொண்டு போனதை ஊரே பார்த்தது. அன்று மத்தியானம் நாங்கள் வேலையில் இருந்தபோது அவர் தொலைபேசி அடித்தது. மூன்று மாதமாகப் பேசாத மனிதர் ஒரே ஒரு வார்த்தை பேசுவதற்காகக் கூப்பிட்டிருந்தார்.

"சொன்னேனா இல்லையா?"

பல்லக்கா கையில் பாதி பாலிஷ் போட்ட கீழ்த்தாடை. அதைக் கீழே வைக்காமலே பேசினார். "கிளட்ச்தான் போச்சு அத்தான். மாத்தினா வந்துடும். வண்டி மேல பிடித்தம் போகல." அந்தப் பக்கம் தொடர்பு அறுந்தது. அவர் தாடையைத் திருப்பி, விட்ட இடத்திலிருந்து தேய்க்கத் தொடங்கினார். காது மடல் மட்டும் சிவந்திருந்தது. நான் ஏதாவது ஆறுதல் சொல்லலாமா என்று பார்த்தேன். "நீயும் ஆரம்பிக்காதே" என்றார்.

அதற்குப் பிறகு ஒரு மாதம் இருக்கும். வேலை முடியும் நேரத்தில் கூடத்து வாசலில் ஓரகத்தி வந்து நின்றார். அவர் இங்கே வந்ததே இல்லை. பல்லக்கா பதறி எழுந்தார், ஏதோ கெட்ட செய்தி என்று.

"ஒண்ணும் இல்லம்மா" என்றார் அவர். கைப்பையைத் திறந்து ஒரு அட்டையை எடுத்து மெழுகுத் துணுக்குகளுக்கு நடுவில் வைத்தார். ஓட்டுநர் உரிமம். "கல்யாணத்துக்கு முன்னாடி எங்கப்பாவோட ஜீப்பை ஓட்டுவேன். இங்க வந்தப்புறம் அவர் வேண்டாம்னுட்டார். இருபத்தாறு வருஷமா இதைப் புதுப்பிச்சுக்கிட்டே இருக்கேன். எதுக்குன்னு கேட்காதே. அன்னைக்குக் கடையில நீ பேசினதுல இருந்து எனக்குத் தூக்கம் சரியில்ல. ஒரு தடவை அந்த வண்டியை எனக்கு ஓட்டத் தருவியா?"

பல்லக்கா சாவியை நீட்டினார். எனக்கும் ஒரு இடம் கிடைத்தது, பின்சீட்டில், ஆட்டு வாசனைக்குப் பக்கத்தில்.

முதல் சிக்னலில் இரண்டு முறை வண்டி அணைந்தது. பின்னால் ஹாரன்கள். ஓரகத்தியின் கழுத்தில் வேர்வை வழிந்தது. பல்லக்கா ஜன்னலை இறக்கித் தலையை வெளியே நீட்டி, "அவசரம்னா மேல பறந்து போங்க!" என்று கத்தினார். பிறகு உள்ளே திரும்பி, பல்லைத் தடவும்போது பேசும் அதே குரலில், "மெதுவா விடுங்க அக்கா. கிளட்ச் பிடிக்குற இடம் உங்க காலுக்கே தெரியும். அவசரமே இல்ல" என்றார். மூன்றாவது முறை வண்டி நகர்ந்தது.

ஆற்றுச் சாலைக்குப் போனோம். முதல் நாலு வளைவிலும் அவர் மூச்சுகூட விடவில்லை. ஐந்தாவதில் தோள் இறங்கியது. அப்புறம் அவராகவே கியரை இறக்கி, ஏற்றி, ஓரிடத்தில் பல்லக்காவே கதவுப் பிடியைப் பற்றிக்கொள்ளும்படி ஓட்டினார். கண்ணாடியில் அவர் முகம் தெரிந்தது. இருபத்தாறு வருடமாகப் பில் போட்ட முகமாக அது இல்லை.

திரும்பி ஊருக்குள் வந்தபோது பல்லக்கா, "வீட்டுக்கு இடது பக்கம் அக்கா" என்றார்.

"தெரியும்" என்று சொல்லி வலது பக்கம் திருப்பினார்.

கடை வாசலில் நிறுத்தி ஹாரன் அடித்தார். அண்ணன் வெளியே வந்தார். பச்சை வண்டியைப் பார்த்ததும் முகத்தைத் திருப்பப் போனவர், ஓட்டுகிற இடத்தில் யார் இருக்கிறார்கள் என்று பார்த்துவிட்டு நின்றார். வேலையாட்களும் ஒவ்வொருவராக வாசலுக்கு வந்துவிட்டார்கள்.

"ஏறுங்க" என்றார் அவர் மனைவி.

அவர் ஏறவில்லை. விறைப்பாகத் திரும்பி உள்ளே போய்விட்டார். ஓரகத்தி சிறிது நேரம் அந்தக் கதவையே பார்த்துக்கொண்டிருந்தார். அழப்போகிறார் என்று நினைத்தேன். அவர் கண்ணாடியைச் சரிசெய்துகொண்டு, "சரி, நடந்து வரட்டும்" என்று சொல்லி முதல் கியர் போட்டார். இந்த முறை வண்டி அணையவே இல்லை.